களிமண்ணில் ஒரு வசந்த எருது

பெய்ஜிங்கில் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியின் சமையலறை அலமாரியில் எப்போதும் ஒரு ஹுவாங்லி கிடக்கும். நம் ஊர்ப் பஞ்சாங்கம் மாதிரிதான். நல்ல நாள், ஆகாத நாள், திசை, நேரம் எல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கத்தில் ஒரு எருதின் படம், பக்கத்தில் கையில் குச்சியோடு ஓர் ஆள். இரண்டு வருடங்களாக அதை வெறும் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். போன குளிர்காலத்தில் பாட்டி பழைய ஆண்டுகளின் புத்தகங்களையும் எடுத்து வரிசையாக விரித்துக் காட்டினார். ஒரு வருடம் எருதின் தலை பச்சை, இன்னொரு வருடம் சிவப்பு. ஒன்றில் வாய் திறந்திருக்கிறது, இன்னொன்றில் மூடியிருக்கிறது. வால் ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். குச்சி வைத்திருப்பவன் ஒரு வருடம் சிறுவன், அடுத்த வருடம் கிழவன். இதில் எதையும் ஓவியர் தம் விருப்பத்துக்கு வரையவில்லை என்று பாட்டி சொன்னார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், 2026-க்கான எருதை நான் மண்ணில் செய்து பார்ப்பது என்று.

அது வசந்த எருது. சீன மொழியில் சுன்நியூ. லிச்சுன் அன்று அதைச் சாட்டையால் அடித்து உடைப்பார்கள். லிச்சுன் என்றால் வசந்தத்தின் தொடக்கம். சூரியனின் ஆண்டுப் பாதையைப் பதினைந்து பதினைந்து பாகையாக 24 கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சூரியன் 315-ஆம் பாகையைத் தொடும் கணம்தான் லிச்சுன். பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும். சந்திரனை வைத்துக் கணக்கிடும் புத்தாண்டு முன்னும் பின்னும் நகரும், ஆனால் இது நகராது. உழவனுக்கு வேண்டியது சூரியக் கணக்குதான். இந்த 24 பருவக் கணக்கை 2016-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜெஜியாங் மாநிலத்தில் குஜோ நகரை அடுத்த ஜியுஹுவாவில் இன்றும் லிச்சுன் அன்று வழிபாடு நடக்கிறது. பெய்ஜிங்கில் மிங், சிங் அரச வம்சங்களின் காலங்களில் லிச்சுனுக்கு முந்தைய நாள் நகர அதிகாரிகள் டோங்ஜிமென் வாசலைத் தாண்டி அரை கிலோமீட்டர் போல நடந்துபோய் வசந்தத்தை எதிர்கொண்டு அழைத்து வருவார்களாம். டோங்ஜிமென் இன்று பெரிய சுரங்க ரயில் சந்திப்பு. நான் தினமும் வண்டி மாறும் இடம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் அளவு. பழைய விதிப்படி எருதின் உயரம் 4 சீன அடி, நான்கு பருவங்களுக்கு. உடலின் நீளம் 3 அடி 6 அங்குலம், 360 நாட்களுக்கு. தலையிலிருந்து வால்வரை 8 அடி, எட்டு முக்கியப் பருவநாட்களுக்கு. வால் 1 அடி 2 அங்குலம், பன்னிரண்டு மாதங்களுக்கு. சீன அடிக்குப் பத்து அங்குலம்தான், இன்றைய கணக்கில் ஓர் அடி 33.3 செ.மீ. அப்படியே செய்தால் கிட்டத்தட்ட உயிர்மாட்டின் அளவு வந்துவிடும். அதனால் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். உயரம் 13.3 செ.மீ., உடல் 12, வால் 4 என்று வேலைக்கு வசதியான எண்களாகவே வந்தன.

ஒரே ஓர் அளவு மட்டும் மண்டையைக் குடைந்தது. உடல் 12 செ.மீ. என்றால் தலைமுதல் வால்வரை எப்படி 26.7 வரும்? தாளில் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து பார்த்தால் ஓணான் மாதிரி இருந்தது. பிறகு நூலை வைத்து அளக்கலாம் என்று தோன்றியது. மூக்கு நுனியில் தொடங்கி நெற்றி, கழுத்து, முதுகு என்று வளைவோடு ஒட்டி வால் நுனி வரை. உடலுக்கு 12, வாலுக்கு 4 போனால் கழுத்துக்கும் தலைக்கும் 10.7 மிஞ்சுகிறது. அவ்வளவு நீளம் வேண்டுமானால் எருது தலையைத் தாழ்த்திக் கழுத்தை முன்னே நீட்டியிருக்க வேண்டும். ஏர் இழுக்கும் மாடு அப்படித்தானே நிற்கும்! விதி எழுதியவர்கள் இதைத்தான் நினைத்தார்களா தெரியாது, ஆனால் அப்படிச் செய்தபோது உருவம் சரியாக உட்கார்ந்தது.

அடுத்து மண். ஆண்டின் மிக நீண்ட இரவு கழிந்து முதலில் வரும் டிராகன் நாளில்தான் மண்ணும் நீரும் எடுக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு விலங்குகள் ஆண்டுக்கு மட்டுமில்லை, நாளுக்கும் சுற்றி வரும். நீண்ட இரவு 2025 டிசம்பர் 21, எலி நாள். அங்கிருந்து எண்ணினால் டிராகன் நாள் டிசம்பர் 25. திசையும் ஆண்டைப் பொறுத்தது, 2026-க்குத் தெற்கு. அன்று காலை ஒரு சின்னக் கொத்துக்கரண்டியோடு எங்கள் கட்டடத்தின் தெற்குப் பக்கத்துப் பூம்பாத்திக்குப் போனேன். பெய்ஜிங் டிசம்பரில் மண் கல். கரண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கெண்டி வெந்நீர் ஊற்றிக் காத்திருந்து, மறுபடி ஊற்றி, கடைசியில் இரண்டு கைப்பிடி கிடைத்தது. ஆன்லைனில் வாங்கிய ஐந்து கிலோ மஞ்சள் களிமண்ணோடு அதைச் சலித்துக் கலந்தேன். மொத்தத்தில் அது கொஞ்சம்தான், ஆனாலும் அந்த நாளின் மண் எருதுக்குள் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

எலும்புக்கு முசுக்கட்டை மரம், அதாவது மல்பெரி. விதியில் அந்த மரம்தான் சொல்லியிருக்கிறது. பூங்காவில் கவாத்து செய்து குவித்திருந்த கிளைகளிலிருந்து பாட்டி எனக்காக ஒரு கட்டு கேட்டு வாங்கி வந்தார். விரல் தடிமன் குச்சிகளை முதுகுக்கு ஒன்று, கால்களுக்கு நான்கு, கழுத்துக்கு ஒன்று என்று வெட்டிக் கம்பியால் கட்டினேன்.

முதல் எருதை ஜனவரி முதல் வாரம் செய்தேன். குச்சிகளின் மேல் நேராகக் களிமண்ணை அப்பி உருவம் பிடித்தேன். வயிற்றுக்குள் ஐந்து தானியம் வைப்பது வழக்கம். எருது உடையும்போது அவை கொட்ட வேண்டும். நெல், கோதுமை, தினை, சோளம், சோயா ஐந்தையும் ஒரு தாளில் சுற்றி ஈரமண்ணுக்குள் வைத்து மூடினேன். பாட்டி வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார், அப்புறம் முதுகைத் தொட்டு, இது என்ன வீக்கம் என்று கேட்டார். திமில்! என்னை அறியாமல் விரல்கள் திமில் வைத்துவிட்டிருந்தன. சிறு வயதிலிருந்து பார்த்த மாடெல்லாம் திமிலோடுதானே. வட சீனத்து மஞ்சள் மாட்டுக்கு முதுகு சமமாகப் போகும். திமிலை அறுத்து எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன், எறிய மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் கால்களில் மயிரிழை போல வெடிப்பு. மூன்றாம் நாள் கழுத்தைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒன்று. ஐந்தாம் நாள் வயிறு நெடுக்காகப் பிளந்தது. உள்ளே பார்த்தால் சோயா ஈரத்தைக் குடித்து இரட்டிப்பாக ஊதியிருந்தது, கோதுமை முளை விட்டிருந்தது.

காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். தானியத் தவறு வெளிப்படை. வெடிப்புக்கு வேறு இரண்டு காரணங்கள். ஒன்று, களிமண் காயும்போது சுருங்கும். அதே மண்ணில் 10 செ.மீ. பட்டையொன்று செய்து காயவிட்டேன், 9.3 ஆனது. ஆனால் உள்ளே இருக்கும் மரக்குச்சி சுருங்காது. சுருங்குகிற தோல் சுருங்காத எலும்பை இறுக்கினால் தோல்தான் கிழியும். இரண்டு, வீட்டுச் சூடேற்றி. குளிர்காலம் முழுக்கச் சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள் ஓடுவதால் அறைக்காற்று வறண்டு கிடக்கும். உதடே வெடிக்கும்போது மண் வெடிக்காதா? வெளிப்பக்கம் காய்ந்து இறுகும் வேகத்துக்கு உட்பக்கம் ஈடுகொடுக்கவில்லை.

தீர்வு எனக்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. ஷான்ஸி மாநிலத்தில் பிங்யாவ் நகருக்கு அருகே ஷுவாங்லின் கோயில் இருக்கிறது. அதன் மண் சிலைகள் புகழ்பெற்றவை, எல்லாம் சுடாத மண். அங்கே சில சிலைகளில் விரல்கள் உடைந்த இடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும். மர எலும்பு, அதன் மேல் வைக்கோல், வைக்கோல் கலந்த முரட்டு மண், கடைசியில் பஞ்சோ நாரோ கலந்த மென்மண், அதன் மேல் வெள்ளைப் பூச்சும் நிறமும். போன கோடையில் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து வந்திருக்கிறேன். இப்போதுதான் ஒவ்வோர் அடுக்கும் எதற்கு என்று புரிகிறது. மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் வைக்கோல் அமுங்கிக் கொடுக்கும், மண் சுருங்க இடம் கிடைக்கும். நார் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், வெடிப்பு தொடங்கினாலும் ஓடாது.

அப்படியே செய்தேன். பழைய எருதைத் தண்ணீரில் போட்டதும் ஒரு மணி நேரத்தில் கரைந்து சேறாகிவிட்டது. சுடாத மண்ணின் பெரிய நன்மை அது. எலும்புகளைக் கழுவி, சணல் கயிற்றை இறுக்காமல் மூன்று சுற்று சுற்றினேன். அரை அங்குலமாக நறுக்கிய வைக்கோலை மண்ணில் பிசைந்து முதல் அடுக்கு. இரண்டு நாள் கழித்து, அது தோல்போல் இறுகிய பிறகு, பஞ்சு பிசைந்த மண் இரண்டாவது அடுக்கு. பஞ்சைப் பிசைவதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கிற பகுதி. மொத்தமாகப் போட்டால் உருண்டை உருண்டையாக நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் போட்டு, மண்ணை மடித்து, அடித்து, மறுபடி மடித்து, இழை கண்ணுக்குத் தெரியாமல் கரையும் வரை பிசைய வேண்டும். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிந்தபோது மண்ணை இழுத்தால் உடனே அறுந்து வராமல், மாவு மாதிரி நீண்டு வந்தது.

காயவைக்க இடம் தேடியதில் மூடிய பால்கனி நல்ல குளிர்ச்சி என்று முதலில் தோன்றியது. ஆனால் இரவில் அங்கே உறைநிலைக்குக் கீழே போகும், மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்தால் மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும். வீட்டிலேயே ஈரமான இடம் குளியலறை. ஈரத்துணி போர்த்தி, அதன் மேல் துளையிட்ட பிளாஸ்டிக் பை கவிழ்த்து, அங்கே ஒரு வாரம் வைத்தேன். தினமும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். பின்னங்காலில் மட்டும் ஒரு சிறு கீறல் வந்தது. அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தூரிகையால் ஊட்டி, ஈரம் பாதி இழுத்ததும் கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்தேன். மூடிக்கொண்டது. தானியத்துக்கு இம்முறை வயிற்றில் குழி விட்டிருந்தேன். எல்லாம் காய்ந்த பிறகு தாள் பொட்டலத்தை வைத்து, மெல்லிய மண் தட்டால் அடைத்தேன்.

இனி நிறம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சீன மரபில் ஆண்டுக்கு இரண்டெழுத்துப் பெயர். பத்து எழுத்துகளில் ஒன்றும் பன்னிரண்டில் ஒன்றும் சேர்ந்து சுழன்றால் அறுபது பெயர்கள் கிடைக்கும். நமக்கும் அறுபது ஆண்டு வட்டம் இருப்பதால் சட்டென்று பிடிபட்டது. ஆனால் அங்கே நாளுக்கும் நேரத்துக்கும்கூட இதே பெயர்கள்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பூதம் உண்டு. அவர்களின் ஐந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நிறங்கள் முறையே பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கருப்பு. 2026 பிங்-வூ ஆண்டு, விலங்குக் கணக்கில் குதிரை ஆண்டு. முதலெழுத்து நெருப்பு, அது எருதின் தலைக்கு. இரண்டாவதும் நெருப்பு, அது உடலுக்கு. இரண்டும் சேர்ந்த பெயருக்குத் தனியாக ஒரு பூதம் உண்டு. பிங்-வூவுக்கு அது ‘வானாற்று நீர்’, ஆகவே வயிறு கருப்பு. கொம்பு, காது, வால், கால், குளம்பு எல்லாம் லிச்சுன் விழும் நாளின் பெயரைப் பார்க்கும். பிப்ரவரி 4-இன் பெயர் ஜி-யோ, அதாவது சேவல் நாள். முதலெழுத்து மண், எனவே கொம்பும் காதும் வாலும் மஞ்சள். இரண்டாவது உலோகம், எனவே முழங்காலுக்குக் கீழே வெள்ளை. சேர்ந்த பூதம் ‘பெருவழி மண்’, எனவே குளம்பும் மஞ்சள். பிங்-வூ ஆண்டு யாங் (ஆண்தன்மை கொண்ட) ஆண்டு என்பதால் வாய் திறந்திருக்க வேண்டும், வால் இடப்பக்கம் வளைய வேண்டும்.

சீமைச் சுண்ணாம்புப் பொடியை வச்சிரப் பசையில் குழைத்து இரண்டு கை அடித்தேன். அதன் மேல் சாதாரண நீர்வண்ணம். சிவப்புத் தலை, சிவப்பு உடல், கருப்பு வயிறு, மஞ்சள் கொம்பு, வெள்ளைக் கால். எழுதிப் படித்தால் கண்டபடி பூசியது போலிருக்கும். மேசையில் நிற்கும்போது அப்படி இல்லை. எந்த இடத்தைத் தொட்டாலும் அது ஒரு தேதி.

பக்கத்தில் நிற்கும் ஆள் மாங்ஷென். பழைய நூல்களில் அவன் கோவ்மாங், மனித முகமும் பறவை உடலும் கொண்ட கிழக்குத் திசைக் கடவுள், வசந்தத்துக்கும் மரங்களுக்கும் உரியவன். பின்னால் மாடு மேய்ப்பவனாகிவிட்டான். அவன் உயரம் 3 அடி 6 அங்குலம் 5 நூல் (இங்கே அங்குலத்துக்குப் பத்து நூல்), 365 நாட்களுக்கு. என் அளவில் 12.2 செ.மீ. அவனை அந்தத் திமிலின் மண்ணில்தான் செய்தேன். குதிரை ஆண்டு என்பதால் அவன் இளைஞன். நாளின் இரண்டாம் எழுத்து உலோகம். உலோகத்தை வெல்வது நெருப்பு, எனவே சட்டை சிவப்பு. நெருப்பை வெல்வது நீர், எனவே இடைக்கச்சை கருப்பு. கால்சட்டை உண்டு, செருப்பு கிடையாது. வெறுங்காலோடு வந்தால் அந்த ஆண்டு மழை அதிகம் என்று கிராமங்களில் சொல்வார்கள் என்றார் பாட்டி. லிச்சுன் கணம் அதிகாலை 4 மணி 2 நிமிடம், அது புலி நேரம், இன்னும் குளிர் விடாத நேரம். அதனால் அவன் காதுக்குளிர் உறை போட்டிருக்க வேண்டும், ஆனால் இடப்பக்கம் மட்டும் தூக்கிவிட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய எலி நேரத்திலோ மாட்டு நேரத்திலோ விழுந்திருந்தால் இரண்டு காதும் மூடியிருக்கும். விடிந்த பிறகு என்றால் உறையைக் கழற்றிக் கையில் வைத்திருப்பான். இந்த ஒரு விவரத்தைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. விடியலுக்கு முந்தைய குளிரை ஒரு பொம்மையின் ஒரு காதில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

அவன் நிற்கும் இடமும் செய்திதான். லிச்சுன் புத்தாண்டை ஒட்டி ஐந்து நாளுக்குள் வந்தால் எருதுக்குப் பக்கத்தில் நிற்பான். அதற்கும் முன்பே வந்துவிட்டால் எருதுக்கு முன்னால், பின்னால் வந்தால் பின்னால். 2026-இல் புத்தாண்டு பிப்ரவரி 17. லிச்சுன் பதின்மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது. உழவன் சீக்கிரம் கிளம்பியாக வேண்டும். முன்னால் நிறுத்தினேன். கையில் 8 செ.மீ. வில்லோ குச்சி, 2 அடி 4 அங்குலத்தின் பத்தில் ஒன்று, 24 பருவங்களுக்கு. அதன் முனையில் ரேமி என்ற நார்ச்செடியின் நூலை ஐந்து நிறத்தில் சாயமேற்றிக் கட்டினேன். நாளைப் பொறுத்துச் சணப்பு, ரேமி, பட்டு என்று நூலும் மாறும், சேவல் நாளுக்கு ரேமி.

பிப்ரவரி 4 அதிகாலை மூன்றரைக்குப் பாட்டியே கதவைத் தட்டினார். எருதையும் மாங்ஷெனையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினோம். பூம்பாத்தியின் ஓரத்தில், மண் எடுத்த இடத்திலேயே வைத்தேன். 4:02-க்கு நிஜமான வில்லோக் கிளையால் மூன்று முறை அடித்தேன். எருது அசையவில்லை. பஞ்சும் வைக்கோலும் கலந்து வெடிக்கவே கூடாது என்று செய்ததாயிற்றே. இன்னும் மூன்று அடிக்கு ஒரு காது மட்டும் விழுந்தது. பாட்டி மேலே போய் மாவு தேய்க்கும் கட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். எனக்குக் கை ஓடவில்லை. ஒரு மாத வேலை. அந்தக் காலத்தில் ஊரே பாய்ந்து இழுத்துக் கிழிப்பார்கள், ஒரு கட்டி மண் வயலுக்குக் கிடைத்தால் போதும் என்று முண்டியடிப்பார்கள் என்று பாட்டி சொன்னார். சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். அடித்தேன். வயிற்று அடைப்பு முதலில் நொறுங்கியது. பொட்டலம் கிழிந்து தானியம் உறைந்த மண்மேல் சிதறியது. தினை மணிகள் கைவிளக்கு வெளிச்சத்தில் மின்னின. இரண்டாவது அடிக்கு முதுகு விரிந்தது. பாட்டி குனிந்து மஞ்சள் கொம்பு ஒன்றையும் சிவப்புத் தோள்பட்டைத் துண்டையும் பொறுக்கி எடுத்துக்கொண்டார், அவர் வெங்காயத்தாள் வளர்க்கும் தொட்டிக்கு.

அதே கட்டையால்தான் அன்று மதியம் சுன்பிங் தேய்த்தோம். லிச்சுன் அன்று சாப்பிடும் மெல்லிய வசந்தத் தட்டை. வெந்நீர் ஊற்றிப் பிசைந்த மாவில் இரண்டு சின்ன உருண்டைகளை எண்ணெய் தடவி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே தட்டையாகத் தேய்த்து, எண்ணெயில்லாமல் சுட்டு, சூட்டோடு இரண்டாகப் பிரிக்க வேண்டும். உள்ளே பயறு முளை, கீரை, முட்டை, இனிப்புக் கோதுமை விழுது. பக்கத்தில் பச்சையாக ஒரு துண்டு முள்ளங்கி. வெளியே பச்சை, வெட்டினால் உள்ளே ரோஜாச் சிவப்பு. அதைக் கடிப்பதற்கு ‘வசந்தத்தைக் கடித்தல்’ என்று பெயர்.

மாங்ஷென் இப்போது பாட்டியின் அலமாரியில், ஹுவாங்லிக்குப் பக்கத்தில் நிற்கிறான். முசுக்கட்டை எலும்புகளில் ஒரு கால்தான் உடைந்தது. மற்றதைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். 2027-க்கும் கணக்குப் போட்டாகிவிட்டது: ஆட்டு ஆண்டு, தலை சிவப்பு, உடல் மஞ்சள், வயிறு மறுபடியும் கருப்பு, வாய் மூடியிருக்கும், வால் வலப்பக்கம். மாங்ஷென் சிறுவன். மண் வடக்குப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், டிராகன் நாள் ஜனவரி 1. வடக்குப் பாத்தியில் வெயிலே படாது, இம்முறை கெண்டி இரண்டு வேண்டியிருக்கும்.